கிணற்றடித் தேசி ஏன் காய்ப்பதில்லை? பருவம் மாற்றிப் பூக்க வைப்பதன் கணக்கு

தேசிக்காய் விலை யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் வருடத்துக்கு ஒரு தரமாவது பேச்சுக்கு வரும். ஒரு மாதம் திருநெல்வேலியிலும் மருதனார்மடத்திலும் சாக்கில் குவித்து, கூறு கட்டி விற்பார்கள். வேறொரு மாதம் வந்தால் அதே காயை ஒவ்வொன்றாக எண்ணித் தருவார்கள். அப்படி விலை ஏறும் நாட்களில் கைபேசிகளில் ஒரு வகைக் காணொளி சுற்றத் தொடங்கிவிடும். சில தாய்லாந்தில் எடுத்தவை, சில மகாராஷ்டிராவில், சில தமிழ்நாட்டில். ஒருவர் தண்ணீரை நிறுத்து என்கிறார், இன்னொருவர் நிறைய விடு என்கிறார். ஒருவர் வேரைக் கிளறச் சொல்கிறார், அடுத்தவர் ஒரு போத்தலைக் காட்டி இதை ஊற்றினால் போதும் என்கிறார்.

ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் இவற்றில் பலவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே செயல்தான். அது என்ன, நமது செம்மண்ணிலும் மாரி மழையிலும் அது எவ்வளவு தூரம் சரிவரும் என்று பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

தேசி என்று நாங்கள் சொல்வது தமிழ்நாட்டில் எலுமிச்சை. தோடை அங்கே ஆரஞ்சு. இவையும் நாரத்தையும் ஒரே சிட்ரஸ் குடும்பம். பூக்கும் முறையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிறிய காய்த் தேசி வருடத்தில் பல தரம் பூக்கக்கூடியது என்பதால் அதைத்தான் எளிதில் வளைக்கலாம்.

பூத்தூண்டல் என்பது, இலையாக விரியவிருந்த ஒரு மொட்டு பூவாக மாறுவது என்று மரத்துக்குள் முடிவாகும் கட்டம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூ வெளியே வருவது அதற்குச் சில வாரம் கழித்து. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

## மரம் எப்போது பூக்க முடிவெடுக்கிறது

சிட்ரஸ் மரம் துளிர்விட்டு வளர்ந்துகொண்டே இருக்கும்வரை பூவைப் பற்றி நினைப்பதில்லை. வளர்ச்சி தடைப்பட வேண்டும். உலகில் அந்தத் தடை இரண்டு வழியில் வருகிறது: குளிர், வறட்சி.

ஸ்பெயின், கலிபோர்னியா போன்ற இடங்களில் குளிர்காலம் வந்து மரம் சில மாதம் உறங்கும், வசந்தத்தில் ஒட்டுமொத்தமாகப் பூத்துக் கொட்டும். அந்த வழி எங்களுக்கு அடைபட்டது. மார்கழி, தை இரவிலும் யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். தேசிமரத்துக்கு அது குளிரே அல்ல.

மிஞ்சுவது வறட்சி. 1986இல் புளோரிடாவில் சௌத்விக், டேவன்போர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாகிற்றி (Tahiti) என்ற தேசி இனத்தில் இதை முறையாகப் பரிசோதித்து எழுதினார்கள். இரண்டு வாரம் தண்ணீரில்லாமல் வாடவிட்டாலே பூத்தூண்டல் நடந்தது. வாட்டம் கடுமையாக இருந்தபோது பூவும் கூடியது. வாட்டத்தின்போதும் குளிரின்போதும் இலையில் ஒரு புரதம் உருவாகி மொட்டுக்குச் செல்கிறது, அதுதான் "பூவாகு" என்ற செய்தி என்பது அதற்குப் பிற்பட்ட மரபணு ஆய்வுகளில் தெரியவந்தது.

இந்தச் செய்தியைத் தடுக்கும் இரண்டு பேர் மரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒன்று ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோன். துளிரும் வேரும் சுறுசுறுப்பாக இருக்கும்போது அது கூடுதலாக இருக்கும், பூத்தூண்டலை அமுக்கும். மற்றது மரத்தில் ஏற்கனவே தொங்கும் காய். காய் நிறைந்த கொப்பு அடுத்த தடவை பூக்க மறுக்கும். ஒரு வருடம் கொட்டோ கொட்டென்று காய்த்த தோடை அடுத்த வருடம் வெறும் இலையாக நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம். கண்ணூறு என்று வாசலில் எதையும் கட்டத் தேவையில்லை.

ஆகவே வரிசை இப்படிப் போகிறது:

1. தண்ணீர் குறைகிறது, துளிர் நிற்கிறது, வேர் வளர்ச்சி ஓய்கிறது.
2. வாட்டம் தொடரும் நாட்களில் மொட்டுகளில் பூத்தூண்டல் நடக்கிறது. வெளியே பார்த்தால் மரம் சாகப்போவது போல இருக்கும், அவ்வளவுதான்.
3. மழை பெய்கிறது அல்லது தண்ணீர் இறைக்கப்படுகிறது. அடைபட்டிருந்த மொட்டுகள் எல்லாம் ஒன்றாக வெளிவருகின்றன. 3 முதல் 4 வாரத்தில் பூ.

தண்ணீர் விட்டவுடன் பூத்தது என்று பலர் சொல்வது மூன்றாம் படியை மட்டும் பார்த்து. பூவாவது என்பது இரண்டாம் படியிலேயே தீர்ந்த விஷயம். தண்ணீர் கதவைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் அரைகுறையாக ஐந்தாறு நாள் வாடவிட்டுத் தண்ணீர் விட்டால் அழகான துளிர் வரும், பூ வராது.

## கிணற்றடித் தேசி

இப்போது எங்கள் வளவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வீட்டுத் தேசிமரம் நிற்கும் வழக்கமான இடம் கிணற்றடி. குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் வாய்க்காலில் ஓடி, வாழையடிக்குப் போகும் வழியில் தேசிக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகும். வருடத்தில் ஒரு நாளும் தவறாமல். மரம் கடும்பச்சையாக, முள்ளும் துளிருமாகச் செழித்து நிற்கும். காய் இங்கொன்றும் அங்கொன்றும். "மரம் நல்லாத்தான் நிக்குது, காயைத்தான் காணேல்லை" என்பது ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கும் முறைப்பாடு.

மரத்துக்கு ஒரு நோயும் இல்லை. வளர்ச்சியை நிறுத்த அதற்கு ஒரு நாளும் காரணம் கிடைக்கவில்லை, அதுதான் சிக்கல். வேலியோரத்தில் கவனிப்பாரற்று நிற்கும் தேசி, ஆனி ஆடியில் சோளகக் காற்றில் (தென்மேற்குப் பருவக் காற்று) காய்ந்து சுருண்டு, ஐப்பசி மழைக்கு வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

தோட்டங்களிலும் இதே கதை. வெங்காயத்துக்கோ புகையிலைக்கோ இறைக்கும் வரிசையில் வரம்போரத்துத் தேசியும் சேர்ந்து குடிக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் ஒரு மரத்துக்கு அளவுக்கு மிஞ்சி ஊற்ற யாருக்கும் தெம்பு இருந்திருக்காது. மோட்டர் வந்த பிறகு தண்ணீர் விடுவது சுகம், விடாமல் இருப்பதுதான் கடினம்.

## மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்

சிசிலி. இத்தாலியின் இந்தத் தீவில் கோடை மழையற்றது, எங்களைப் போல. லெமன் (பெரிய மஞ்சள் எலுமிச்சை) தோட்டக்காரர்கள் ஜூன், ஜூலையில் தண்ணீரை நிறுத்தி, இலை துவளும்வரை காத்திருந்து, பிறகு நைதரசன் பசளையோடு தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் பூக்கும். காய் மறு வருடக் கோடையில், வேறு யாரிடமும் லெமன் இல்லாத நேரத்தில் வரும். வெர்தெல்லி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

இந்தியா. மகாராஷ்டிராவில் ஒவ்வொரு பூக்கும் பருவத்தையும் பஹார் என்பார்கள். தை–மாசியில் பூப்பது அம்பே பஹார், ஆனி–ஆடியில் மிருக், புரட்டாதி–ஐப்பசியில் ஹஸ்த. தோட்டக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அமுக்குவார். இலேசான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதமும், தண்ணீர் பிடிக்கும் கறுப்பு மண்ணில் ஒன்றரை, இரண்டு மாதமும் காயவிடுவார்கள். ஹஸ்த பஹார் எடுத்தால் காய் அங்கே கோடையில் கிடைக்கும், விலை உச்சத்தில் இருக்கும்.

எலுமிச்சையில் ஹஸ்த பஹாருக்கு அங்கே மருந்து வரிசை ஒன்றும் சொல்லப்படுகிறது: ஜூனில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஜிபரலிக் அமிலம், செப்டெம்பரில் லீற்றருக்கு 1 கிராம் அளவில் சைக்கோசெல், ஒக்டோபரில் 1 சதவீதப் பொட்டாசியம் நைத்திரேற்று. முதலாவது, வேண்டாத பருவத்தில் வரவிருக்கும் பூவை அமுக்க. இரண்டாவது, துளிரை நிறுத்த. மூன்றாவது, மொட்டை வெளியே தள்ள. நிறுத்தி, பிறகு விடுவது என்ற அதே வேலைதான் இங்கே தண்ணீருக்குப் பதில் போத்தலில் நடக்கிறது. காணொளியில் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, அதையும் வேறு மாதத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பூவுக்கு என்று ஜிபரலிக் அமிலத்தைத் தவறான நேரத்தில் அடித்தவருக்குக் கிடைப்பது பூவில்லாத மரம்.

தாய்லாந்து. அங்கே மழை நீண்ட காலம் பெய்வதால் நிலத்தை நினைத்த நேரத்தில் காயவிட முடியாது. ஆகவே சுமார் 1 மீற்றர் விட்டமுள்ள கொங்கிறீற் வளையங்களில், அடியில் மூடி வைத்து, தேசியை நடுகிறார்கள். வேர் நிலத்துக்குள் தப்பிப் போகாது. மேலே பிளாஸ்ரிக்கால் மூடினால் மழைக்குள்ளும் மரத்தைத் தாகத்தில் வைக்கலாம். கிணறு கட்டும் வளையம் எங்கள் ஊரிலும் கிடைப்பதுதான், ஆனால் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

## பின்னோக்கி எண்ணுதல்

தேசி பூத்ததிலிருந்து காய் பறிக்க ஏறக்குறைய ஐந்து, ஆறு மாதம். தண்ணீர் திறந்ததிலிருந்து பூவுக்கு ஒரு மாதம். அதற்கு முன் வாட்டம் ஒரு மாதம், மண்ணைப் பொறுத்துக் கூடக் குறைய. ஆக, காய் வேண்டிய மாதத்திலிருந்து ஏழு, எட்டு மாதம் பின்னால் போய்த் தண்ணீரை நிறுத்த வேண்டும். காய் விலை ஏறியதைப் பார்த்துத் தொடங்குபவர் எப்போதும் பிந்தியவர்தான்.

யாழ்ப்பாண நாட்காட்டியில் இதைப் போட்டுப் பார்த்தால்:

1. ஒன்றும் செய்யாவிட்டால். சோளகத்தில் காய்ந்த மரம் ஐப்பசி மழைக்கு விழித்து, ஐப்பசிக் கடைசி, கார்த்திகையில் பூக்கும். பங்குனி, சித்திரையை ஒட்டிக் காய். ஊரிலுள்ள தண்ணீர் விடாத மரமெல்லாம் இதையே செய்வதால் விலையும் அப்போது விழும். கார்த்திகை அடைமழையில் பூ கொட்டுண்பதும் உண்டு.

2. ஆடியில் காயவிட்டு ஆவணியில் திறந்தால். புரட்டாதியில் பூ. பெருமழைக்கு முன் பிஞ்சு பிடித்துவிடும். மாசி, பங்குனியில் காய். ஊர்க் காயை ஒரு மாதம் முந்தலாம். வாட்டத்துக்குச் செலவே இல்லை, சோளகம் இலவசமாகச் செய்து தரும். ஆரம்பிப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

3. வைகாசியில் காயவிட்டு ஆனியில் திறந்தால். ஆடியில் பூ, மார்கழி, தையில் காய். ஆடி முதல் புரட்டாதி வரை தவறாமல் இறைக்க வேண்டும். காய் பெருக்கும் நேரத்தில் மாரி வருவதால் வெடிப்பும் சொறிநோயும் வரும்.

4. தை முழுக்கத் தண்ணீர் கொடுக்காமல் மாசிக் கடைசியில் திறந்தால். பங்குனியில் பூ, ஆவணிக் கடைசி, புரட்டாதியில் காய். விலை நல்லது. ஆனால் கோடை முழுவதும் கிணற்றை நம்பி இருக்க வேண்டும்.

தேசிக்காய்க்கு அதிகத் தேவை ஆடி, ஆவணியில். கோயில்களில் கொடியேறும் காலம். நல்லூர்த் திருவிழா மட்டுமே 25 நாள். தேர்ச் சில்லுக்கும் மாலைக்கும் காய் வேண்டும், தண்ணீர்ப்பந்தலுக்கும் சர்பத்துக்கும் வேண்டும், வெயிலுக்கு வீட்டிலும் கரைத்துக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் காய் வேண்டுமென்றால் தை, மாசியில் பூத்திருக்க வேண்டும். அதற்கு மார்கழியில் மரம் வாடியிருக்க வேண்டும். மார்கழியில் நிலம் ஊறிக் கிடக்கும்! நிலத்தில் நிற்கும் மரத்தை அப்போது எந்தத் தோட்டக்காரனாலும் வாடவைக்க முடியாது. ஆடி மாதத்துத் தட்டுப்பாட்டுக்குப் பின்னால் பதுக்கலும் போக்குவரத்தும் இருக்கலாம், ஆனால் அடிப்படையில் அது முந்திய மாரி மழையின் வேலை. அந்த இடைவெளியை நிரப்ப வழி, மூடிய வளையமும் குளிர்க் களஞ்சியமும்தான். 8 முதல் 10 பாகையில் பச்சைத் தேசி பல வாரம் தாங்கும். அதைவிடக் குளிராக வைத்தால் தோல் புள்ளி விழுந்து பழுதாகும்.

## வாட்டத்தை எங்கே நிறுத்துவது

இதில்தான் மரங்கள் சாகின்றன, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மத்தியான வெயிலில் இலை மடிவது அடையாளமல்ல, அது எல்லா நாளும் நடப்பது. காலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஆறிய பிறகும் இலை உள்ளே சுருண்டபடி இருந்தால் உண்மையான வாட்டம் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் இரண்டு, மூன்று வாரம் வைத்திருக்கலாம். அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். கால்வாசி இலை விழுந்தால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். நுனிக் கொப்பு காய்ந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். இலையோடு சேர்ந்து வரும் பூவில்தான் காய் நன்றாகப் பிடிக்கும், மொட்டைக் கொப்பில் பூ நிறைய வந்தாலும் பெரும்பாலும் உதிரும். ஆகவே மொட்டையாக்குவது இலாபம் இல்லை.

எங்கள் மண்ணுக்கு மூன்று எச்சரிக்கை உண்டு.

முதலாவது, வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. பல இடங்களில் ஆழமில்லை, தண்ணீரும் விரைவாக இறங்கிவிடும். கறுப்பு மண்ணுக்குச் சொன்ன ஒன்றரை, இரண்டு மாதக் கணக்கை இங்கே போட்டால் மரம் விறகுதான். வேரைக் கிளறி வெயில் காட்டுவதும் இங்கே வேண்டாம், இருக்கும் வேரே மேலாகத்தான் ஓடுகிறது.

இரண்டாவது, சுண்ணாம்பு நிலத்தில் இரும்பு, நாகச் (துத்தநாகம்) சத்துகள் வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை. அதனாலும் இலை மஞ்சளாகும். ஆனால் அது இளம் இலையில், நரம்பு பச்சையாக நிற்க இடையில் மஞ்சளாவது. வாட்டத்தால் வருவது முதிர்ந்த இலையில். இதைப் பிரித்தறியாமல், "போதுமளவு வாடிவிட்டது" என்று முந்தித் தண்ணீர் திறந்துவிட்டால் துளிர் மட்டும் மிஞ்சும். நடும்போதே ஒட்டுக்கட்டையை (ஒட்டுக்கன்றில் வேரோடு நிற்கும் அடிப்பகுதி) கேட்டு வாங்குவதும் நல்லது: மூவிலைத் தோடைக் கட்டை சுண்ணாம்பு மண்ணில் தவிக்கும், ரங்பூர் தேசியும் கரடு லெமனும் தாங்கும்.

மூன்றாவது உவர். சிட்ரஸ் உப்பைத் தாங்காத இனம். மண் காயும்போது அதிலுள்ள உப்புச் செறிவு ஏறும். கடலோர ஊர்களில் கோடை முற்றும்போது கிணறும் உவர்க்கத் தொடங்கும். இரண்டும் சேரும் மாதத்தில் வாட்டம் கொடுத்தால் இலைநுனி கருகுவது தாகத்தாலா உப்பாலா என்று தெரியாது. அப்படியான கிணறுள்ளவர் இந்த வேலையை விட்டுவிடுவது உத்தமம்.

## திறந்த பிறகு

முதல் நாளே வெள்ளமாகப் பாய்ச்சினால் மிச்ச இலையும் கொட்டும். முதலில் அரைவாசித் தண்ணீர், நாலைந்து நாள் கழித்து முழுத் தண்ணீர், பிறகு வழக்கமான முறை. உப்புச் சந்தேகம் உள்ள இடத்தில் இரண்டாம் தண்ணீரை ஆழமாக ஊறும்படி விட வேண்டும். மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் நைதரசனும் இரண்டாம் தண்ணீரோடு. இரட்டிப்பாகக் கொட்டினால் இரட்டிப்பாகக் காய்க்கும் என்பது தவறு. மேலதிக யூரியா துளிரை ஏற்றும், மீதி கிணற்றுக்குப் போகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியிருப்பது பல வருடமாகப் பேசப்படும் விஷயம். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

பூ உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம். தோடையில் நூறு பூவுக்கு ஒன்றிரண்டு காயானாலே சரி. ஆனால் பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது மறுபடி தண்ணீர் நின்றால் முழுவதும் போய்விடும். வாட்டத்தைத் தாங்கிய மரத்துக்குப் பிறகு ஒரு இறைப்பும் தவறக் கூடாது.

ஒரே நேரத்தில் வரும் இளந்துளிர் பூச்சிகளுக்கு விருந்து. தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு (முதலில் பறவை எச்சம் போல, பிறகு பச்சையாக), இலைச் சுரங்கப்பூச்சி இரண்டும் முதல் வாரங்களில் வரும். நாலைந்து மரம் என்றால் புழுவைக் கையால் பொறுக்கலாம்.

பக்லோபுட்ராசோல் என்ற மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மரத்துக்குள் ஜிபரலின் உருவாவதைத் தடுக்கிறது, அதனால் பூக்கிறது. வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் மண்ணில் மாதக்கணக்காக, சில இடங்களில் வருடத்துக்கு மேலாகத் தங்கும். பக்கத்துப் பயிரையும் குறுக்கும். கல்லிடுக்கால் தண்ணீர் நேரே கிணற்றுக்கு இறங்கும் நிலத்தில், ஒரு தேசிமரத்துக்காக இதை ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. வணிகமாகச் செய்ய நினைப்பவர், இலங்கையில் எந்தப் பயிருக்கு அது பதிவாகியிருக்கிறது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்ட பிறகே வாங்கலாம்.

## யார் செய்யக் கூடாது

நாலு வயதுக்குக் குறைந்த மரத்தில் வேண்டாம். மரம் நிறையக் காயோடு நிற்கும்போது வேண்டாம், காயும் போகும், பூவும் வராது. அடிமரத்தில் பிசின் வடியும் மரத்தில் வேண்டவே வேண்டாம். பத்து மரம் இருந்தால் ஒரு வருடம் ஐந்தில் செய்து, மறு வருடம் மற்ற ஐந்தில் செய்யலாம்.

கிணற்றடித் தேசி ஒன்றுதான் இருக்கிறது என்பவருக்கு மருந்தும் வேண்டாம், வளையமும் வேண்டாம். ஆடி பிறந்ததும் மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தி வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிட்டு, காலையில் முகம் கழுவப் போகும்போது இலையைப் பார்த்து வந்தால் போதும். வாழைக்கும் அந்த மாதம் குறை இருக்காது.